எஸ்ஏடி மேக்ஸிமம் மினிமம் கணக்குக்கு டெஸ்மோஸ் எப்படி?

டிஜிட்டல் எஸ்ஏடி-ல (அமெரிக்க காலேஜ் அட்மிஷனுக்கான தேர்வு) ஸ்கிரீன்லயே டெஸ்மோஸ்ங்கற கிராஃப் வரையற கால்குலேட்டர் குடுத்துடறாங்க, பந்தை மேல எறிஞ்சா அதிகபட்சம் எவ்ளோ உயரம் போகும் டைப் கணக்குக்கெல்லாம் இது செம. எக்ஸ் செகண்ட்ல உயரம் −16எக்ஸ்² + 64எக்ஸ் + 80-னு குடுத்திருந்தா, அத அப்படியே டைப் பண்ணி ஜூம் அவுட் பண்ணுங்க (இல்லன்னா வளைவோட உச்சியே கண்ணுல படாது), உச்சில இருக்கற புள்ளிய தொட்டா 2, 144-னு காட்டும். கேள்விய ஒழுங்கா படிங்க மக்களே, எத்தனாவது செகண்ட்னா 2, உயரம்னா 144, ரெண்டும் ஆப்ஷன்ல உக்காந்து நம்மள பாத்து சிரிக்கும்.

ஆனா வேற வேற பாசிட்டிவ் முழு எண் அஞ்சு, சராசரி 10, அதுல பெருசு அதிகபட்சம் எவ்ளோ-ன்னு கேட்டா கிராஃப் எதுக்கு, மொத்தம் 50, மத்த நாலையும் 1, 2, 3, 4-னு இறக்கினா மிச்சம் 40, முடிஞ்சுது. டெஸ்மோஸ் வெப்சைட்ல ஃப்ரீ தான், இப்பவே பழகிக்கோங்க. டெஸ்மோஸுக்கு என் மார்க் 4.5/5.