மணல் தொட்டியா, பாத்தியா? வீட்டில் பிள்ளை பார்ப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

வீட்டு முற்றத்தில் ஐந்தாறு பிள்ளைகளை வைத்துப் பார்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். இருக்கிற இடம் ஒன்று, காசும் மட்டுமட்டு. மணல் தொட்டி கட்டுவதா, சின்னப் பாத்தி போடுவதா, கடையில் விற்கிற பிளாஸ்ரிக் சறுக்கியை வாங்கி வைப்பதா? இரண்டரை முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளோடு மூன்றையும் பாவித்த பிறகு நாங்கள் பாத்தியின் பக்கம். அதற்குப் பெரிய காரணம் ஒன்றுதான்: பராமரிப்பு வேலை யார் தலையில் விழுகிறது என்பது.

பிளாஸ்ரிக்கை முதலில் முடித்துவிடலாம். இறக்கிய அன்றே விளையாடலாம், பெற்றோர் கண்ணுக்கும் வடிவாயிருக்கும். ஆனால் நிழலில்லாத முற்றத்தில் சித்திரை வெயிலுக்குச் சறுக்கி தொடை சுடும். வெயிலில் நின்று நின்று நிறம் வெளிறி, பிறகு பொருத்துகளில் வெடிக்கும். வெடித்ததை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள். சறுக்கியில் நாளைக்குப் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய குறை. ஏறி இறங்க ஒரு மண்மேடு இருந்தால் அந்தக் காசு மிச்சம்.

எதைத் தெரிவு செய்தாலும் கிணற்றைப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. கட்டு உயரமாக இருக்கிறதே என்று விடக்கூடாது. பக்கத்தில் கவிழ்த்து வைத்த வாளி ஒன்று போதும், மூன்று வயதுப் பிள்ளை ஏறிவிடும். கம்பி வலை மூடியும் பூட்டும் போட்டு, வாளியையும் கல்லையும் தள்ளி வைத்த பிறகே முற்றத்தில் பிள்ளைகளை விடலாம்.

மணல் தொட்டியின் பலம், காத்திருக்கத் தேவையில்லை என்பது. சிரட்டையும் அகப்பையும் கொடுத்தால் அந்த நிமிடமே புட்டு அவியத் தொடங்கிவிடும். ஒன்றரை வயதும் நாலரை வயதும் ஒரே இடத்தில் தத்தம் பாட்டில் இருக்கும். நாலடிக்கு நாலடி, ஒரு அடி ஆழம் என்றால் 16 கன அடி மணல், அதாவது ஒரு கியூப்பில் (100 கன அடி) ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நிறை 700 கிலோவைத் தாண்டும். ஒருமுறை கொட்டிய இடத்திலிருந்து மாற்றுவது லேசில்லை. ஆகவே இடத்தை முதலே தீர்மானிக்க வேண்டும்: காலை 9 மணிக்குப் பிறகு நிழல் விழுகிற, மாரி வெள்ளம் தேங்காத மேட்டு இடம். அடியில் இரண்டு அங்குலம் சல்லி, அதன்மேல் ஷேட் நெற் (நிழல் வலை) ஒரு படை, பிறகு மணல். நெற் போடாவிட்டால் மணல் சல்லிக்குள் இறங்கி, இரண்டாம் மாரிக்குள் தண்ணீர் வடியாமல் நிற்கும். கடற்கரை மணலை அப்படியே கொட்டினால் அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும், சிராய்ப்பில் பட்டால் எரியும், சிப்பி உடைவு கையை வெட்டும். கழுவி அரித்த மணல்தான் வேண்டும். கருங்கல் தூள் வேண்டவே வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

இதுவரை சுகம். இனித்தான் பூனை வரும்.

திறந்து கிடக்கும் மணல் ஊரிலுள்ள பூனைகளுக்கெல்லாம் கழிப்பறை. பூனை மலத்தோடு வரும் புழு முட்டைகள் கழித்தவுடனேயே தொற்றுவதில்லை, கிடக்கக் கிடக்கத்தான் ஆபத்தாகும். அதனால் அன்றன்றே அள்ளியாக வேண்டும். ஒவ்வொரு மாலையும் இறுக்கமான சட்டத்தில் நெற் அடித்த மூடி. ஒவ்வொரு காலையும் பிள்ளைகள் வருமுன் மூடியைத் திறந்து, வாரியால் அடிவரை கிளறி, எறும்பும் பூரானும் இல்லையென்று பார்க்க வேண்டும். கிழமைக்கொரு நாள் முழுதாகப் புரட்டி வெயில் காட்ட வேண்டும். தார்ப்பாயால் மூடினால் மாரியில் அதன் குழிவில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவதும் மழையை ஒட்டிய அந்த மாதங்களில்தான். நெற் மூடி போட்டாலோ மழை உள்ளே இறங்கி மணல் நாட்கணக்கில் காயாது.

இவ்வளவும் பெரியவர் வேலை. பிள்ளைகள் வருமுன்னும் போன பின்னும் செய்வது. அவர்கள் கண்ணில் படாதது, படவும் கூடாதது. பூனை மலம் அள்ளுவதில் ஒரு பிள்ளைக்குப் பங்கு கொடுக்க முடியுமா? ஒருவர், மிஞ்சினால் இருவர் நடத்துகிற வீட்டில் காலை ஏழரைக்கும் எட்டுக்கும் இடையிலான அந்த அரை மணிநேரம் எங்கிருந்து வரும்? ஒரு கிழமை தவறினால் தொட்டியைப் பூட்டி வைக்க வேண்டியதாகிவிடும். பல வீடுகளில் மூலையில் புல் முளைத்துக் கிடக்கிற தொட்டிகளின் கதை இதுதான்.

பாத்திக்கும் வேலை உண்டு, கூடவே உண்டு என்றும் சொல்லலாம். ஆனால் தண்ணீர் விடுவது, களை பிடுங்குவது, புழு பார்ப்பது, காய்ந்த இலை அள்ளுவது ஆகியவற்றில் முக்கால்வாசியை மூன்று வயதுப் பிள்ளை செய்யும். பராமரிப்புத்தான் அங்கே பாடம், அதற்கென்று புறம்பாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

அகலத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். தோட்டக்காரர் வழக்கப்படி நாலடி போட்டால் பிள்ளையின் கை நடுவுக்கு எட்டாது, எட்டாவிட்டால் உள்ளே இறங்கும், இறங்கினால் முளை மிதிபடும். இரு பக்கமும் நிற்க முடியுமென்றால் இரண்டரை அடி, மதிலோரம் என்றால் ஒன்றேகால் அடி. நீளம் ஆறடி போதும். உயரம் ஒன்பது அங்குலம். செம்மண் இரண்டு பங்கு, மூன்று மாதமாவது மக்கிய மாட்டெரு ஒரு பங்கு, பூவரசு அல்லது கிளிசரியா இலைக் கூட்டெரு ஒரு பங்கு. பச்சைச் சாணம் கூடாது. வேர் வெந்துபோகும், கிருமியும் இருக்கும். வெங்காயம், புகையிலை செய்த தோட்டத்து மண் கொழுப்பாகத் தெரியும், ஆனால் வருடக்கணக்கில் மருந்து அடித்த மண் அது. வளவு மண்ணே நல்லது. கரைக்குப் போத்தல் புதைக்கும் பழைய பழக்கத்தை விடுங்கள். ஒன்று உடைந்தால் மண்ணுக்குள் கண்ணாடி. தென்னங்குற்றியோ ஊமலோ (உள்ளீடு எடுத்த காய்ந்த பனங்கொட்டை) வைக்கலாம், ஆனால் குற்றியைப் பிள்ளைகள் புரட்டக்கூடாது, அடியில் தேள் படுக்கும். பழைய ரயருக்குள் தண்ணீர் தேங்கும், அது வேண்டாம். முருங்கைக்குக் கீழேயும் பாத்தி போடாதீர்கள். மாரியில் மசுக்குட்டி கொட்டும், பட்ட இடமெல்லாம் தடிக்கும்.

எதை நடுவது என்பதைப் பிள்ளையின் பொறுமை தீர்மானிக்கட்டும். பயறு மூன்று நான்கு நாளில் தலை தூக்கும். சின்ன வெங்காயத்தை வேர்ப்பக்கம் கீழாக, நுனி சற்று வெளியே தெரிய அமுக்கினால் ஒரு கிழமைக்குள் தாள் நீளும். அமுக்குவதற்குப் பெருவிரல் பலம் போதும் என்பதால் இரண்டரை வயதுக்காரரின் பயிர் இது. முளைக்கீரை விதை கடுகிலும் சிறிது, அப்படியே கொடுத்தால் ஒரே இடத்தில் கொட்டிவிடுவார்கள். ஒரு தேக்கரண்டி விதைக்கு ஒரு சிரட்டை காய்ந்த மணல் கலந்து கொடுத்தால் பரவலாக விழும். 25 நாளளவில் பிடுங்கிச் சுண்டலாம். பயற்றங்காயும் வெண்டியும் 50 நாளை ஒட்டிக் காய்க்கும். வெண்டி இலையின் சுணை சில பிள்ளைகளுக்குக் கடிக்கும், ஆய்வதைப் பெரியவர் செய்யட்டும். மிளகாய் மட்டும் வேண்டாம். அந்தக் கை கண்ணுக்குப் போகாமல் யாராலும் காக்க முடியாது.

பிள்ளைக்கொரு தனித் துண்டா, எல்லாருக்கும் ஒரே பாத்தியா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில், கிண்டர்கார்டன் என்ற பாலர் பள்ளி முறையைத் தொடங்கிய பிரோபல் இரண்டையும் வைத்தார்: நடுவில் பிள்ளைகளின் தனித்தனித் துண்டுகள், சுற்றிவரப் பொதுத் தோட்டம். ஆறடிப் பாத்தியில் அதற்கு இடமில்லை. ஆளுக்கொரு குழி, குழிக்கு மூன்று விதை, பக்கத்தில் பிள்ளையின் அடையாளம் போட்ட குச்சி என்று வைத்தால் சரி. ஒரே விதை போட்டு அது முளைக்காவிட்டால் அன்றைய காலை முழுக்க அழுகைதான்.

அதிகம் கெடுப்பது தண்ணீர். ஆளுக்கொரு குவளை கொடுத்தால் இருப்பதெல்லாம் ஒரே செடியின் தலையில் போகும், தண்டு அழுகிச் சாயும். சிரட்டையின் கண்ணோடு இன்னும் இரண்டு துளை ஆணியால் போட்டால் பூவாளி. ஒரு சிரட்டை ஏறக்குறைய 200 மில்லிலீற்றர். ஆறு பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து தரம் விட்டால் ஆறு லீற்றர், பதினைந்து சதுர அடிக்கு ஒரு காலைக்கு அளவான தண்ணீர். ஐந்து எண்ணுவது இங்கே ஒப்புவிப்பதற்கல்ல, ஆறாவது சிரட்டை கூடாது என்பதற்கு. கோடையில் மாலையும் ஒருமுறை பெரியவர் விட வேண்டும். முடிந்ததும் வாளியைக் கழுவிக் கவிழ்ப்பது பிள்ளைகளின் வேலை. நுளம்பு முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், ஆகவே உள்விளிம்பைத் தும்பால் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

அடுத்த கேடு, முளைத்ததா என்று தோண்டிப் பார்ப்பது. தடுத்தால் கேளார்கள், பார்க்க வேறு இடம் கொடுக்க வேண்டும். கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்ரிக் கப் ஒன்றின் உட்சுவரோடு ஈரத்துணியைச் சுற்றி, துணிக்கும் சுவருக்கும் இடையில் அதே பயறு நாலைந்தை அதே நாளில் செருகுங்கள். இரண்டாம் நாள் தோல் வெடித்து வெள்ளை வேர் வெளியே வரும். கப்பைச் சரித்து வைத்தால் அடுத்த நாள் வேர் வளைந்து கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். "அன்ரி, கால் வந்திட்டுது!" என்று கத்துகிறவர் பிறகு பாத்தியைக் கிண்டமாட்டார்.

பெற்றோர் கேட்பது வேறு. ஏடு தொடக்கின கையோடு "எழுத்து எப்ப படிப்பிக்கப் போறீங்கள்?" என்பார்கள். அவர்களுக்குக் காட்ட ஈர்க்குப் போதும். திங்களும் வியாழனும் பயற்றங்கொடியின் அடியிலிருந்து நுனிவரை ஒரு ஈர்க்கைப் பிடித்து, நுனியில் முறித்து, மட்டையில் வரிசையாக ஒட்ட வேண்டும். மூன்றாம் கிழமை ஆறு ஈர்க்குகளும் படிக்கட்டாக ஏறும். எது நீளம், எப்போது கூட வளர்ந்தது, இடையில் ஏன் வளரவில்லை என்று நாலு வயதுப் பிள்ளை அந்த மட்டையைப் பார்த்து அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தும். பெயரை எழுத வேண்டுமென்ற ஆசையும் அந்தக் குச்சி அடையாளத்திலிருந்துதான் வரும்.

தொடங்க நல்ல காலம் புரட்டாதி. நவராத்திரிக் கும்பத்தடியில் நவதானியம் முளைக்க விடும் வீடுகளில் பிள்ளைகள் அதைப் பார்த்தே இருப்பார்கள், பின்னாலேயே ஐப்பசி மழை வரும். பாத்தியின் ஒரு முனையில், அல்லது வேலியோரம் புறம்பாக, முப்பது நாற்பது பனங்கொட்டையை நெருக்கி அடுக்கி மெல்லிய மண் மூடிவிட்டால், அதற்குப் பராமரிப்பே இல்லை, மழை பார்த்துக்கொள்ளும். தையளவில் கிண்டலாம். கிழங்கு அவிக்க, கொட்டையை வெட்டினால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பு (இதையும் பூரான் என்பார்கள்) தின்ன, எஞ்சிய ஊமல் விளையாட. நாலு மாதம் காத்திருப்பது மூன்று வயதுக்கு நெடுங்காலம், பயறும் கீரையும் நடுவில் ஓடினால்தான் தாக்குப்பிடிப்பார்கள். கச்சானும் கிண்டி எடுக்க அருமையான பயிர்தான். ஆனால் ஐந்து வயதுக்குள் முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும், ஒவ்வாமையும் இருக்கலாம். வீட்டாரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

பாத்திக்கும் பூனை வராதென்றில்லை. விதைத்த நாள் முதல் முளை நாலு விரல் உயரும்வரை நெற் விரித்துக் கரையில் கல் வைக்க வேண்டும். இலை மூடிய பிறகு பூனைக்கு அந்த இடம் பிடிக்காது. மழைக்கு வரும் பெரிய நத்தையை வெறுங்கையால் பிள்ளைகள் தொடக்கூடாது, கையுறையோடு நீங்கள் பொறுக்குங்கள். செருப்புக் கட்டாயம், சவர்க்காரத்தில் கை கழுவுவதும் கட்டாயம். மணலுக்கும் இதே சட்டம்தான். வேலியில் மஞ்சள் அலரியோ குன்றிமணிக் கொடியோ நின்றால் பிடுங்கிவிடுங்கள். இரண்டின் விதையும் உயிரை எடுக்கும் நஞ்சு, கறுப்புப் பொட்டுள்ள சிவப்புக் குன்றிமணியைப் பிள்ளைகள் பொறுக்காமல் போகமாட்டார்கள்.

எல்லா வீட்டுக்கும் பாத்தி பொருந்தாது. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் கூடுதலாக இருந்தால் மணல் தொட்டியே நல்லது, அல்லது அப்படித்தான் தோன்றுகிறது. அந்த வயதோடு பாத்தி வைத்துப் பார்த்தது கொஞ்சம் என்பதால் அழுத்திச் சொல்லவில்லை. வாடகை வீட்டில், சீமெந்து முற்றத்தில், அடியில் துளையிட்ட உரப்பைகளும் எண்ணெய்க் கலன்களும் போதும், ஆனால் அவை சித்திரையில் இருநேரத் தண்ணீர் கேட்கும். கிணறு உவர் என்றால் பயற்றைக்கு ஒத்துக்கொள்ளாது, இலை நுனி கருகும். மாரி மழையை நம்பிக் கீரையும் பனங்கொட்டையும் வைத்துக் கோடையில் பாத்தியை ஆறவிடலாம். அந்த மாதங்களில் மணலும் சிரட்டையும் கைகொடுக்கும்.

இரண்டுக்கும் இடமிருந்தால் இரண்டையும் வையுங்கள், ஆனால் பத்தடியாவது தள்ளி, நடுவில் கால் கழுவ ஒரு வாளியோடு. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் சிரட்டை சிரட்டையாகச் செம்மண் மணலுக்குள் போகும். செம்மண் கலந்த மணல் ஒரு மழைக்குப் பிறகு காய்ந்து கட்டிபட்டுவிடும், பிறகு அதில் புட்டும் அவியாது.