சீட்டு கேட்ட மருந்துக் கடை

மும்பை மாட்டுங்காவில் பாவ்தாஜி சாலைப் பக்கம் ஒரு சிறிய மருந்துக் கடை இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நடைபாதையில் காத்திருக்க வேண்டியதுதான். போன ஆடி மாதத்திலிருந்து அம்மாவின் மாத்திரைகளை அங்கேதான் வாங்குகிறேன். முதல் நாள் அந்த மருந்தாளுநர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அம்மாவுக்கு 76 வயது. அப்பா போன பிறகு தூக்கமும் போய்விட்டது. எங்கள் டாக்டர் சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை 5 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு வாரம் ஏழு மாதமாக நீண்டது. வீட்டருகே வேறொரு கடையில் காலி அட்டையைக் காட்டினாலே புதிய அட்டை கைக்கு வந்துவிடும். யாரும் டாக்டர் சீட்டு கேட்டதில்லை. அதை வசதி என்றே நினைத்திருந்தேன்.

ஒரு மழை இரவில், இரண்டு மணிக்கு, அம்மா குளியலறை வாசலில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. எப்போது எழுந்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. கட்டுப் போட்டுத் திரும்பும் வழியில் இந்தக் கடை முன் டாக்சியை நிறுத்தி, வலி மாத்திரைச் சீட்டை நீட்டி, "தூக்க மாத்திரையும் ஒரு அட்டை கொடுங்கள்" என்றேன். பழைய சீட்டை வாங்கிப் பார்த்தார். ஜனவரித் தேதி. தர முடியாது என்றார். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த எச்சரிக்கையைக் காட்டினார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்-1 அட்டவணை மருந்து. 2014 மார்ச் முதல் டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றார். நான் குரலை உயர்த்தினேன். அவர் டாக்சிக்குள் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "ஆஜி (பாட்டி) இரவில் விழுந்தார்களா?"

அதுவரை அந்த விழுகையையும் மாத்திரையையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. வயதானவர்களுக்கு இந்த மருந்து தள்ளாட்டமும் குழப்பமும் தரும், விழுந்து எலும்பு முறிய இது ஒரு காரணம் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். வலிக்கு எழுதியிருந்தது ட்ரமடால். அதையும் தூக்க மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் மூச்சு மந்தமாகலாம் என்று சொல்லி, பின்னால் ஆட்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, எலும்பு டாக்டருக்கே போன் செய்தார். வலி மாத்திரை பாராசிட்டமாலாக மாறியது. சளிக்காகத் தம்பி வாங்கித் தந்த குளோர்பெனிரமினும் தூக்கம் தரக்கூடியதுதான். அதையும் நிறுத்தி வைக்கச் சொன்னார். "தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், இன்றே டாக்டரைப் பாருங்கள்" என்றார். அன்று மாலையே பார்த்தோம். டாக்டர் படிப்படியாகக் குறைக்கும் கணக்கு எழுதித் தந்தார்.

புதிய சீட்டோடு போனபோது அவர் கேட்ட கேள்விகள்தான் என் மனத்தில் நிற்கின்றன. எத்தனை மணிக்குச் சாப்பாடு? மாத்திரை போட்ட பிறகு என்ன செய்கிறார்? எத்தனை மணிக்கு எழுகிறார்? அம்மா ரசம் சாதம் சாப்பிட்ட கையோடு மாத்திரையை விழுங்கிவிட்டுத் தொடர் பார்ப்பார். காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். வயிறு நிறைந்திருந்தால் மருந்து வேலை செய்யத் தாமதமாகும், படுக்கையில் உட்கார்ந்த பிறகே போட வேண்டும், அதன் பின் ஏழு மணி நேரமாவது படுக்கை வேண்டும், நடுவில் விழிப்பு வந்தாலும் இன்னொன்று கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். இது சாதாரண மாத்திரை என்பதால் பாதியாக உடைக்கலாம், மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் வகை, அதாவது சி.ஆர். என்று போட்டிருந்தால் உடைக்கக் கூடாது. இதெல்லாம் சீட்டில் இல்லை. அட்டையை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன். சாப்பிட்டது மறந்து அம்மா இரண்டாவது எடுத்துவிடக் கூடாது.

குறைகளும் உண்டு. விலையில் தள்ளுபடி கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து தர ஆளில்லை. வயதானவர் உட்கார ஒரு நாற்காலியாவது போடலாம். மாலை ஏழு மணிக்குப் போனால் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். நான் காலை பத்தரைக்குப் போகிறேன், அப்போதுதான் அவருக்குப் பேச நேரம் இருக்கிறது. நீங்கள் போவதானால் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், சளி மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஞாயிறு மாலை கடை இருக்காது.