கால்பந்து ரசிகர் பாடல்களின் இரட்டைக் குறுந்தட்டு: ஒரு மதிப்புரை

கால்பந்து அணிகளின் கீதங்களையும் ரசிகர்களின் பாடல்களையும் திரட்டி வெளிவந்திருக்கும் இத்தொகுப்பில் இரண்டு குறுந்தட்டுகள் உள்ளன. முதல் தட்டில் இருப்பவை ஆட்டம் நடக்கும்போது அரங்கிலேயே பதிவு செய்யப்பட்டவை. இரண்டாவதில் இருப்பவை பயிற்சி பெற்ற பாடகர்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப் பாடவைத்தவை. ஒரு மாதமாகத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, முதல் தட்டுக்காகவே இதை வாங்கலாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

லிவர்பூல் ரசிகர்களின் ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ முதலில் வருகிறது. 1945இல் ‘கரோசல்’ என்ற இசை நாடகத்தில் இடம்பெற்று, 1963இல் ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ் குழுவின் குரலில் பெரும்புகழ் அடைந்து, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டு அரங்கின் கோப் என்ற பார்வையாளர் பகுதியில் நின்றவர்களால் தத்தெடுக்கப்பட்ட பாடல் இது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், எதிர்முனையில் பாடுவோரின் குரல் இந்த முனையை அடைவதற்குள் மூன்றில் ஒரு நொடி கழிந்துவிடுகிறது. அந்தப் பிசிறைத் திருத்தாமல் அப்படியே விட்டிருப்பது இப்பதிவின் பெருஞ்சிறப்பு. ஒவ்வோர் அடியின் கடைசிச் சுரமும் அரங்கைச் சுற்றி வந்து அடங்குவதைக் கேட்கும்போது, நிதானமாக நீட்டிப் பாடத்தக்க மெட்டுகள் ரசிகர்களிடம் ஏன் இத்தனை காலம் நிலைக்கின்றன என்பது காதுக்கே புரிந்துவிடுகிறது. இதே பாடலைத் தமதாக்கிக்கொண்ட செல்டிக், பொருசியா டார்ட்மண்ட் ரசிகர்களின் குரல்களையும் அடுத்தடுத்து வைத்திருந்தால் ஒப்பிட்டுக் கேட்டிருக்கலாம், அவ்வாய்ப்பைத் தவறவிட்டுவிட்டார்கள்.

‘செவன் நேஷன் ஆர்மி’ என்ற ராக் பாடலின் ஏழு சுர மெட்டும் இத்தட்டில் உண்டு. 2003இல் மிலான் நகருக்குச் சென்ற, பெல்ஜியத்தின் கிளப் ப்ரூக் அணி ரசிகர்கள் முழங்கத் தொடங்கியதும், 2006 உலகக் கோப்பையில் இத்தாலி ரசிகர்களின் வெற்றி முழக்கமானதும் இதுவே. சொற்களே தேவைப்படாததால் எந்த நாட்டவரும் உடனே சேர்ந்துகொள்ள முடிகிறது.

இரண்டாவது தட்டில், ஐரோப்பிய அணிகளுக்கான போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் கீதம் மட்டுமே மனத்தில் நிற்கிறது. ஹேண்டல் 1727இல் முடிசூட்டு விழாவுக்காக இயற்றிய இசையைத் தழுவி, டோனி பிரிட்டன் 1992இல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளில் அமைத்த இக்கீதம் பாடகர் குழுவுக்கென்றே பிறந்தது. ஆகவே கூடத்தின் துல்லியம் அதற்குப் பொருந்துகிறது. லண்டனின் வெஸ்ட் ஹாம் அணி ரசிகர்கள் பாடும் ‘ஐ ஆம் ஃபாரெவர் ப்ளோயிங் பபிள்ஸ்’ என்ற குமிழிப் பாடலைப் பத்துப் பதினைந்து பேர் சுருதி பிசகாமல் பாடுவதோ உயிரற்று ஒலிக்கிறது. பின்னணியில் ஒட்டப்பட்ட கூட்டத்தின் ஆரவாரமும், எல்லாப் பாடல்களிலும் ஒரே இடத்தில் எழும்பி ஒரே இடத்தில் தணிவதால், செயற்கையாகவே படுகிறது.

கையேட்டில் எந்த ஆட்டத்தில், எந்த ஆண்டில் பதிவானது என்ற விவரம் பல பாடல்களுக்கு இல்லாதது கவலைக்குரிய குறை.

முதல் தட்டின் கடைசிப் பாடல் பாதியிலேயே உடைகிறது. கோல் விழுந்ததும் பாட்டு சிதறிப் பெருங்கூச்சலாகிறது. பிறகு ஏதோ ஒரு மூலையில் நான்கைந்து குரல்கள் விட்ட அடியை மீண்டும் எடுக்க, அது வரிசை வரிசையாகப் பரவி அரங்கை நிறைக்கிறது. அந்த ஒன்றரை நிமிடத்தைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.