பிளாஸ்ரிக் சின்ரிலேற்றர்: யாழ்ப்பாண வெக்கையில் சில வருடப் பாவனை

எங்கள் ஆய்வுகூடத்தில் இஜே-200 என்ற வகைச் சின்ரிலேற்றர் (கதிர் பட்டால் ஒளிரும் பொருள்) தகடுகளைச் சில வருடங்களாகப் பாவிக்கிறோம். பொலிவைனைல்தொலுயீனில் ஒளிரும் சாயம் கலந்து வார்த்த பிளாஸ்ரிக் அது. மின்னேற்றத் துணிக்கை ஊடறுத்தால் நீல ஒளி விடும். அந்த ஒளி 2.1 நனோசெக்கனில் தணிந்துவிடும். இந்த வேகத்துக்காகவே வாங்கலாம். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் ஒரே கணத்தில் வரும் துடிப்புகளை மட்டும் எண்ணினால் அண்டக்கதிர் மியூவன்கள் (விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் உருவாகிக் கீழே வரும் துணிக்கைகள்) பிரிந்து வந்துவிடும். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று விழும். சோதனைக்கென்று கதிரியக்க மூலமொன்றை வாங்க அனுமதிக் கடிதங்களோடு அலையத் தேவையில்லை.

ஈரப்பதன்தான் முதலில் பயமாக இருந்தது. சோடியம் அயடைட்டுப் பளிங்கு காற்றுப் பட்டாலே நீரை உறிஞ்சிக் கெட்டுப்போகும். பிளாஸ்ரிக் அப்படியில்லை. ஆனால் வெக்கையில் மெல்ல உள்ளே போகும் நீராவி, பிறகு கடுங்குளிர் வந்தால் உள்ளேயே துளிகளாகிப் புகைமூட்டம்போல் ஒளியை மறைக்கும். வெளிநாட்டு எல்லைகளில் கதிரியக்கப் பொருளைத் தேடும் கருவிகளில் இது பெரிய தலையிடி. எங்களுக்கு மாரியிலும் அந்தக் குளிர் இல்லை. தகடுகள் இன்றும் தெளிவாகத்தான் இருக்கின்றன.

உண்மையான எதிரி விரல். தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் நாளடைவில் மெல்லிய வெடிப்புகள் ஓடும். கையுறை இல்லாமல் தொட விடாதீர்கள், அசற்றோனைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். அடுத்தது, வெளி ஒளி புகாமல் தகட்டைச் சுற்றும் கறுப்பு ரேப். பங்குனி, சித்திரை வெயிலில் பசை இளகி விளிம்பு கிளம்பும், ஒளி கசியும், எண்ணிக்கை திடீரென ஏறும். மாணவர்களுக்கு ஏதோ கண்டுபிடித்த சந்தோசம்!

சக்தி அளக்க இது உதவாது. சீசியம்-137 இன் 662 கிலோ இலத்திரன்வோல்ற் உச்சி தெரியாது. 477 இல் கொம்ரன் விளிம்பு (காமாக் கதிர் ஓர் இலத்திரனில் மோதிச் சிதறும்போது அதற்குக் கொடுக்கக்கூடிய உச்ச சக்தி) மட்டும்தான். இலேசான அணுக்களாலான பொருள் காமாவின் முழுச் சக்தியையும் பிடிப்பது அரிது, வேறென்ன எதிர்பார்க்கலாம்?

புதிய வகைக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். 2012 இல் அமெரிக்காவின் லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தினர் சாயத்தின் அளவை மிகவும் கூட்டி, துடிப்பின் வாலை (மெல்லத் தணியும் கடைசிப் பகுதியை) பார்த்தே நியூத்திரனையும் காமாவையும் பிரிக்கும் பிளாஸ்ரிக்கைச் செய்து காட்டினார்கள். சாய மூலக்கூறுகள் நெருங்கினால் தாமதமாக வரும் ஒளி கூடும், நியூத்திரன் தள்ளிவிடும் புரோத்தனில் அது இன்னும் அதிகம். அருமையான வேலைதான். ஆனால் சாயம் கூடக்கூட ஆரம்பகால வார்ப்புகள் மென்மையாகிப் போயின. இந்த வெக்கையில் அது எனக்கு யோசனை. அதோடு நியூத்திரன் மூலமே இல்லாத இடத்தில் அதை வாங்கி என்ன செய்வது?

அடுத்த காசு வெப்பநிலைக்கேற்ப வோல்ற்றளவைத் திருத்தும் மின்வழங்கிக்குத்தான். கரண்ட் போய் ஏசி நின்று வெக்கை ஏறினால், தகட்டின் ஒளியை மின் துடிப்பாக்கும் எங்கள் சிலிக்கன் ஒளியுணரியின் பெருக்கம் இறங்கிவிடுகிறது, தகட்டில் பிழையில்லை.