ஏற்காட்டில் ‘பால்வீதி போட்டோ’வுக்கு முன்பணம் அனுப்புமுன் இதைப் படியுங்கள்

ஏற்காட்டில் ராத்திரி வானம் காட்டுகிறோம், பால்வீதிக்குக் கீழே உங்கள் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்துத் தருகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வந்தால், இதைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். எங்களிடம் வாங்கிக்கொண்டது ஏறக்குறைய 15,000 ரூபாய். பதிலுக்குக் கொடுத்தது அன்றைக்கு ஏற்காட்டில் இல்லவே இல்லாத ஒரு வானத்தின் படம். அவர்கள் பெயரை நான் எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் போக, இவர்கள் மாதம் ஒரு பெயரில் பக்கம் திறக்கிறார்கள். பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

நாங்கள் சேலம்தான். தைப்பூச விடுமுறைக்கு என் நாத்தனார் குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. அவள் பையன் ஏழாம் வகுப்பு. கோள், நட்சத்திரம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. என் மாமனாருக்கும் அந்த ஆசை உண்டு. அகத்தியர் நட்சத்திரம் எது என்று பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சென்னை வெளிச்சத்தில் அவன் நான்கைந்து நட்சத்திரத்துக்கு மேல் பார்த்தது கிடையாது.

விளம்பரம் பளபளப்பாக இருந்தது. “இருள்வானப் பூங்கா அனுபவம்” என்று போட்டு, பெரிய தொலைநோக்கியின் குவிமாடப் படம் ஒன்று. அது ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். அங்கே உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு 1986-இல் வைணு பாப்பு என்ற வானியலாளரின் பெயரை வைத்தார்கள். ஏற்காட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருள்வானப் பூங்கா என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததும் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைத்தான், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை அல்ல. இதைப் போனில் கேட்டேன். “அது சும்மா டிசைனுக்குப் போட்டதுங்க மேடம், நம்ம ஸ்பாட் அதைவிட நல்ல இருட்டு, எஸ்டேட் உச்சி, ஒரு லைட் கிடையாது” என்றார். “நாங்கள் வருகிற நாளிலிருந்து தைப்பூசப் பௌர்ணமிக்கு இரண்டு நாள்தானே இருக்கிறது, நிலா வெளிச்சம் இருக்காதா?” என்றும் கேட்டேன். “நிலா எட்டரைக்கெல்லாம் இறங்கிடுங்க மேடம், அப்புறம்தான் நம்ம ஷூட்டே” என்று தயங்காமல் பதில் வந்தது.

இந்தப் பதிலைக் கவனியுங்கள், ஏனென்றால் மோசடி இங்கேதான் தொடங்குகிறது. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முந்தைய நிலா மாலையில் இருட்டுவதற்கு முன்பே கிழக்கே ஏறியிருக்கும், விடியற்காலையில்தான் மறையும். தைப்பூசத்தன்று நிலா பூச நட்சத்திரத்தில் இருக்கும் என்றால், இரண்டு நாள் முன்பு திருவாதிரைப் பக்கம் இருக்கும். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரிலேயே அது அச்சாகியிருக்கிறது. தை மாதம் திருவாதிரை இரவு ஒன்பது, பத்து மணிக்கு நம் தலைக்கு மேல் உச்சியில் நிற்கும். அதாவது, அவர் படம் எடுப்பதாகச் சொன்ன நேரத்தில் நிலா நட்டநடு வானில். வானத்தை வைத்துப் பிழைக்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. ஆனாலும், தொழில் செய்கிறவர் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே என்று நாத்தனார் பாதிப் பணத்தை அனுப்பினாள். மீதியை ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஜீப்பில் ஏறுவதற்கு முன்பே வாங்கிக்கொண்டார்கள்.

எஸ்டேட் உச்சி என்றது லேடீஸ் சீட் போகும் வழியில் ஒரு விடுதியின் மொட்டைமாடியாக இருந்தது. கீழே சேலம் மாநகரம் முழுக்க விளக்குகளாகப் பரந்து கிடக்கிறது. அந்தக் காட்சி அழகுதான், அதைப் பார்க்கவே ஜனங்கள் லேடீஸ் சீட் போகிறார்கள். ஆனால் நட்சத்திரம் பார்க்க அதைவிட மோசமான இடம் ஏற்காட்டில் இல்லை. நகரத்து வெளிச்சம் தென்வானம் முழுவதையும் வெளுக்க வைத்துவிடுகிறது. பால்வீதியின் பிரகாசமான நடுப்பகுதி எழுந்து நகர்வதும் அந்தத் தென்திசையில்தான். மாடியில் நாலு மூலையிலும் வெள்ளை ஃபோகஸ் லைட். ஒரு பக்கம் ஸ்பீக்கரில் பாட்டு. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும்; இடையில் ஒரு தடவை வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். அதனால்தான் இதைத் தெரிந்தவர்கள் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச் வைத்திருப்பார்கள். லைட்டை அணைக்கச் சொன்னோம். “மத்த கெஸ்ட் பயப்படுவாங்க மேடம்” என்றார்கள்.

வழிகாட்டி என்று வந்த தம்பிக்கு இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். கையில் பச்சை லேசர். தென்கிழக்கே இருந்த மிகப் பிரகாசமான நட்சத்திரத்தைக் காட்டி, “இதுதாங்க துருவ நட்சத்திரம், எப்பவும் அசையாது” என்றார். அது சிரியஸ். துருவ நட்சத்திரம் ஒன்றும் கண்ணைப் பறிக்கிற பிரகாசம் கொண்டதல்ல. அதைவிடப் பிரகாசமானவை நாற்பதுக்கும் மேல் வானத்தில் உண்டு. ஏற்காட்டிலிருந்து பார்த்தால் அது வடக்கே, அடிவானத்திலிருந்து 12 டிகிரி உயரத்தில், மலைக்கும் மரத்துக்கும் மறைந்துவிடுகிற அளவு தாழ்வாக நிற்கும். பையன் மெதுவாக என் கையைப் பிடித்து, “அத்தை, துருவ நட்சத்திரம் வடக்குலதானே இருக்கும்?” என்றான். அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, “புக்குல அப்படித்தான் போட்டிருப்பாங்க தம்பி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு அந்த இரவின் எல்லாக் குறையையும்விட இதுதான் இன்னும் ஆறவில்லை. சரியாகப் படித்து வைத்திருந்த ஒரு பிள்ளையை அத்தனை பேர் நடுவில் தவறு என்று சொல்லிவிட்டுப் போனார்.

லேசரைக் குழந்தைகள் கையிலும் கொடுத்தார். அவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்து விளையாடினார்கள். அந்த வகைப் பச்சை லேசர் நேராகப் பட்டால் கண்ணின் விழித்திரை நிரந்தரமாகப் பாழாகலாம். பறக்கும் விமானத்தின் மேல் பட்டால் விமானியின் கண் கூசும். மாமாதான் எழுந்து போய் அதை வாங்கி அணைத்தார்.

தொலைநோக்கி 500 மடங்கு பெரிதாக்கும் என்று விளம்பரத்தில் இருந்தது. வைத்திருந்தது 60 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள சிறு கருவி. லென்ஸின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் பயன்படக்கூடிய உச்சம். இதில் 120 மடங்குக்கு மேல் போனால் மங்கல்தான் மிஞ்சும். நிலாவைக் காட்டினார்கள், அது தெரிந்தது. வேறு எதையும் தேடிப் பிடிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. அகத்தியர் நட்சத்திரத்தை மாமாவே கண்டுபிடித்தார், சிரியஸுக்குக் கீழே தெற்கில், சேலத்து வெளிச்சத்துக்கு மேலே. தொலைநோக்கி எதுவும் இல்லாமல் பேரனுக்குக் காட்டினார்.

அடுத்து படம். இரவு வானத்தோடு ஆளை எடுப்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது; தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேமரா முக்காலியில் இருக்க வேண்டும். அகன்ற லென்ஸ், 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் பத்திலிருந்து 25 விநாடி வரை திறந்திருக்கும்; அதைத் தாண்டினால் பூமி சுழல்வதில் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபடும். அத்தனை விநாடியும் நீங்கள் அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் மேல் மிக மெல்லிய வெளிச்சமோ, ஒரே ஒரு சின்ன ஃபிளாஷோ போதும். எங்களை எடுத்தவர் முக்காலியை விரிக்கவே இல்லை. கையில் கேமராவை வைத்துக்கொண்டு, பளிச்சென்று ஃபிளாஷ் அடித்து, “சூப்பர், அடுத்த ஃபேமிலி வாங்க” என்றார். எங்களுக்குப் பின்னால் வடக்குப் பக்கம், சில்வர் ஓக் மரங்கள். சேலத்து விளக்குகள் அவருடைய முதுகுப் பக்கம்.

சில நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. எங்கள் தலைக்கு மேல் பால்வீதி செங்குத்தாக எழுந்து நிற்கிறது, ஊதாவும் ஆரஞ்சுமாக. நாத்தனார் கண் கலங்கிவிட்டாள், அவ்வளவு அழகு. பையன்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இதுல விருச்சிகம் இருக்கே அத்தை” என்றான். கொக்கி போல வளைந்த வால், நடுவில் செந்நிறக் கேட்டை நட்சத்திரம், எல்லாம் துல்லியமாக இருக்கிறது. தை மாதத்தில் விருச்சிகம் பின்னிரவு இரண்டு மணிக்கு மேல்தான் உதிக்கும். பால்வீதியின் நடுப்பகுதி அதற்கும் பிறகு, விடிவதற்குச் சற்று முன். நாங்கள் நின்றது இரவு பத்து மணிக்கு. இன்னொன்று, விருச்சிகம் சேலத்துக்காரர்களுக்கு எந்த நாளிலும் வடக்கே வராது. உதிப்பது தென்கிழக்கு, மறைவது தென்மேற்கு. எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்ததோ வடக்கு.

பிறகு பார்க்கப் பார்க்க மற்றதெல்லாம் தெரிந்தது. சில்வர் ஓக் இலைகளின் இடுக்கில் பழைய சாம்பல் வானம் அப்படியே மிச்சம் இருக்கிறது. மாமாவின் நரைத்த தலைமுடியைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு. எல்லார் தோளிலும் உச்சியிலிருந்து விழுந்த நிலா வெளிச்சம். படத்து வானத்தில் நிலாவின் தடயம் கூட இல்லை. அதே இரவு எங்களோடு வந்திருந்த ஈரோட்டுக் குடும்பத்தின் எண்ணை நாத்தனார் வாங்கி வைத்திருந்தாள். அவர்களுக்கு வந்த படத்தைக் கேட்டு வாங்கினோம். அதே வானம். இடது மூலையில் ஒரு விழுகல் (எரிநட்சத்திரம்) கீற்று, அதே சாய்வில், அதே நீளத்தில் இரண்டிலும்.

போன் செய்து கேட்டேன். “எல்லாருமே எடிட் பண்ணித்தாங்க தர்றாங்க, இது ஆர்ட்டிஸ்டிக் ஸ்டைல்” என்றார். இதில் நான் நியாயமாகவே பேச விரும்புகிறேன். வானத்துக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்துச் சேர்ப்பது இந்தத் துறையில் வழக்கம்தான். அதே இரவு, அதே இடம், அதே திசை என்றால், சேர்த்தது என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கோ யாரோ எடுத்த வானத்தை வெட்டி, வருகிற குடும்பத்துக்கெல்லாம் ஒட்டிக் கொடுத்து, “இது உங்கள் இரவு” என்று காசு வாங்குவது திருட்டு. அப்படியானால் கேமராவின் மூலக் கோப்பை, அந்த ரா ஃபைலை அனுப்புங்கள் என்றேன். அதில் எடுத்த நேரம், ஷட்டர் எத்தனை விநாடி என்பதெல்லாம் பதிவாகியிருக்கும். பணம் திருப்பித் தர முடியாது, மேகம் வந்தாலும் ரீஃபண்ட் கிடையாது என்று ஏற்கெனவே போட்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு எங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். அன்றைக்கு மேகமே இல்லை.

ஆகவே யாராவது உங்களை அழைத்தால், முதலில் தேதியைப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய நாள் இல்லையென்றால் பால்வீதிப் படம் என்ற பேச்சையே எடுக்க விடாதீர்கள். மாசி, பங்குனி அமாவாசையில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் தென்கிழக்கில் நடுப்பகுதி தெரியும்; சித்திரை, வைகாசியில் இரவு பதினொன்றுக்கே எழுந்துவிடும், கோடை மேகம் விட்டுக்கொடுத்தால். மே மாதம் கோடை விழா நடக்கும் நாட்களில் ஊருக்குள் வெளிச்சமும் கூட்டமும் அதிகம், அதைத் தவிர்ப்பது நல்லது. இடத்தைப் பகலிலேயே போய்ப் பாருங்கள். தெற்கே சேலம் தெரிந்தால் வேண்டாம். அவர்கள் முன்பு எடுத்த படங்களில் ஒன்றிரண்டின் ரா ஃபைலைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். உண்மையாகத் தொழில் செய்கிறவர் பெருமையோடு காட்டுவார்.

இன்னொரு விஷயம் பணத்தைவிடப் பெரியது. அன்றிரவு கிளம்பும்போது, தலைக்கு ஆயிரம் கூடக் கொடுத்தால் சேர்வராயன் கோயில் பக்கம் காட்டுக்குள் அழைத்துப் போகிறேன், அங்கே இருட்டாக இருக்கும் என்றார் ஜீப் ஓட்டியவர். நாங்கள் போகவில்லை. சிலர் போனார்கள், கைக்குழந்தையோடு. இந்த மலையில் காட்டெருமைகள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் காட்டுக்குள் நுழைவது குற்றம்; ஏதாவது ஆனால் அழைத்துப் போனவர் பொறுப்பேற்க மாட்டார்.

எங்கள் பணம் தனி ஆளின் யுபிஐ எண்ணுக்குத்தான் போனது. ரசீது கேட்டதற்கு ஸ்கிரீன்ஷாட் போதும் என்றார்கள். அதனால் விளம்பரம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம், இரண்டு குடும்பங்களின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அடுத்து இ-ஜாக்ரிதி தளம் வழியாகச் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே வரவில்லை என்றால் தாமதிக்காமல் 1930 சைபர் குற்ற எண்ணை அழையுங்கள்.

ஈரோட்டுக் குடும்பம் எங்களோடு மனுவில் சேர்ந்திருக்கிறது. ஏற்காட்டில் எடுத்ததாக உங்களுக்கும் யாராவது படம் கொடுத்திருந்தால், இடது மேல் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். விருச்சிகத்தின் வாலுக்குச் சற்று மேலே, வலமிருந்து இடமாகச் சரியும் ஒரு விழுகல் கீற்று இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். எந்தத் தேதியில் போனீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே வானத்தை எத்தனை தேதிகளுக்கு விற்றிருக்கிறார்கள் என்று ஆணையத்தில் காட்ட அது வேண்டும்.