சீட்டில் ‘தற்காலிகம்’, வாசலில் ‘அத்தக்கூலி’: காரைக்குடியில் ஆள் அனுப்பும் சேவை ஒன்று

மூன்றாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டை, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காகத் திறந்தபோது, வளவை (உள்முற்றத்தை)ச் சுற்றிலும் தூசியும் வௌவால் எச்சமும் அப்பிக் கிடந்ததால், துப்புரவுக்கு ஆள் அனுப்பும் காரைக்குடி நிறுவனம் ஒன்றிடம் நான்கு பேரை மூன்று நாளுக்குக் கேட்டேன். தலைக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய் என்று பேசி, வாட்ஸாப்பில் சீட்டும் அனுப்பினார்கள்.

வேலையில் குறை சொல்ல இடமில்லை. பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கறை போகாத இடத்தில் ஆசிட் ஊற்றலாமா என்று நான் கேட்டதற்கு, அவர்களில் மூத்தவர், “வேணாம் ஆச்சி, ஆத்தங்குடிக் கல்லு சிமெண்டு, ஆசிட் பட்டா பூவெல்லாம் அரிச்சுப் போயிரும்” என்று தடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் மூன்று முறை கழுவி, காய்ந்தபின் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தார். பித்தளை அண்டாக்களுக்குப் புளியும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இடறியது ஒரு சொல்லில். சீட்டில் ‘தற்காலிகப் பணியாளர்’ என்றிருந்தது. முதல் நாள் பொழுது சாய்ந்ததும் கைகால் கழுவி முகப்பில் வந்து நின்றவர்கள், “அத்தக்கூலிதானே ஆச்சி?” என்றார்கள், அன்றன்றைக்கு எண்ணிக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் இரவு, நிறுவனத்திடமிருந்து 9,600 ரூபாய்க்குத் தனியாகப் பில் வந்தது. ‘தற்காலிகம்’ என்றால் ஆட்கள் தங்களுடையவர்கள், கூலியைத் தாங்களே பிறகு கொடுப்பார்கள் என்பது அவர்கள் வைத்திருந்த பொருள். மூன்று முறை பேசிய பிறகே, தலைக்கு நாளுக்கு 100 வீதம் தங்கள் பங்கான 1,200 ரூபாயோடு விட்டார்கள். அது எனக்கு நட்டம்தான்.

அத்தக்கூலி என்பது அற்றைக்கூலியின் பேச்சு வடிவம். அற்றை என்றால் அந்த நாள். பாரி மகளிர் ‘அற்றைத் திங்கள்’ என்று பாடிய அதே அற்றை. அன்றைய வேலைக்கு அன்றே கூலி, மறுநாளைக்கு இரு தரப்புக்கும் கடப்பாடு இல்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ‘தற்காலிகம்’ அப்படியன்று; நிரந்தரமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, எத்தனை நாள், கூலி யார் கையால், எப்போது என்பதையெல்லாம் சொல்லாமல் நழுவுகிறது. ஆண்டுக்கணக்கில்கூட ஒருவரைத் தற்காலிகமாகவே வைத்திருக்க முடியும் என்பதால்தான், தொழில் நிறுவனங்களில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் வரம்பு கட்டியது.

அடுத்த படைப்புக்கும் அந்த நால்வரையே அனுப்பச் சொல்வேன். சீட்டில் ‘அத்தக்கூலி, கூலி ஆட்கள் கையில், நிறுவனப் பங்கு தனி’ என்று எழுதி வாங்கிய பிறகே முன்பணம் போடுவேன்.