முப்பது வருஷமா, ஓடமும் வண்டியுமா?

கடை நொடித்துப்போன வீட்டுக்கு விசாரிக்கப் போனால் பெரியவர்கள் வாயில் இரண்டில் ஒன்று வந்துவிடும். ‘முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை’ என்பார்கள். இல்லாவிட்டால், ‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்.’

முதலாவதைக் கேட்டாலே பலருக்குச் சனியின் கணக்கு ஞாபகம் வரும். ராசிக்கு இரண்டரை வருஷம், 12 ராசிக்கு 30. பழி நேரத்தின் மேல் போய்விடுவதால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. ஆனால் 25 வயதில் கடனில் விழுந்த பையனிடம் சொன்னால், “அப்போ அம்பத்தஞ்சு வரைக்கும் இப்படியேவா பெரியப்பா?” என்பான். நியாயம்தானே!

ஓடத்தின் கதை வேறு. ஊருக்குள் செய்த ஓடத்தை வண்டியேற்றித்தான் துறைக்குக் கொண்டுபோக வேண்டும். பாலமில்லாத ஆற்றில் அதே வண்டி ஓடத்தில் ஏறித்தான் அக்கரை போகும். இதில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள். மளிகைக்கடையில் தன்னிடம் பொட்டலம் மடித்த பையனின் கடைக்கே முதலாளி கணக்கெழுத வந்து நின்றால், அந்த இடத்துக்கு ஓடத்தை விட்டால் வேறு சொல் இல்லை. ஆனால் அதை அவர் காதுபடச் சொன்னால் ஆறுதல் போய்க் குத்தலாகிவிடும். பீற்றிக்கொள்பவனை அடக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நொந்த வீட்டில் நான் முதலாவதைத்தான் எடுப்பேன், அதுவும் அந்த முப்பதை விழுங்கிவிட்டு: “சனி ரெண்டரை வருஷத்துல இடம் மாறிடும் அண்ணே.”